எதிரொலியில் பிறந்த கடலடி வரைபடம்

எதிரொலி ஆழமானி என்பது ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கும் கருவியாகும். ஆய்வுக் கப்பல்கள் இக்கருவியால் திரட்டிய எண்களைக் கரையிலிருந்தபடியே ஒழுங்குபடுத்தியபோது, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே நீண்ட பிளவுப் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதைக் கண்டவர் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் (1920–2006).

கயிறும் ஒலியும்

முற்காலத்தில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கியே ஆழம் பார்த்தனர். ஆழ்கடலில் ஓர் அளவீட்டுக்கே சில மணி நேரம் பிடிக்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரித்தானியக் கப்பல் சேலஞ்சர் எடுத்த ஆழ்கடல் அளவீடுகள் ஏறக்குறைய 500 மட்டுமே. 1925–1927இல் தென் அட்லாண்டிக்கைப் பலமுறை குறுக்காகக் கடந்த ஜெர்மானியக் கப்பல் மீட்டியோர், எதிரொலி முறையால் 67,000க்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கொண்டுவந்தது. கடலடி சமவெளி அன்று, கரடுமுரடான மலைத்தொடர்கள் கொண்டது என்பது அவற்றால் தெளிவாயிற்று.

எண்ணிலிருந்து ஆழம்

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். எதிரொலி 6 நொடியில் திரும்பினால், கீழே செல்ல 3 நொடி, மேலே வர 3 நொடி; ஆகவே ஆழம் 4500 மீட்டர். ஆயினும் இது முதல் கணக்கே. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதால் திருத்தம் தேவை. செங்குத்தான சரிவுகளில் எதிரொலி நேர்கீழிலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து முதலில் வந்துவிடும். அக்காலத்தில் கப்பலின் இருப்பிடமும் சூரியனையும் விண்மீன்களையும் நோக்கியே கணிக்கப்பட்டது. மேகமூட்டமான நாள்களில் திசையையும் வேகத்தையும் கொண்டு மதிப்பிட்டனர். இடம் தவறினால், சரியான ஆழமும் வரைபடத்தில் தவறான புள்ளியாகிவிடும்.

கரையில் நடந்த கண்டுபிடிப்பு

1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்த தார்ப்புக்கு, பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் செல்ல அனுமதி இல்லை. உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் கடலுக்குச் சென்றார்; தார்ப் பதிவுகளைப் பிரித்து, திருத்தி, வரைந்தார். 1952இல் வட அட்லாண்டிக்கின் ஆறு குறுக்குவெட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது, நடுமலைத்தொடரின் உச்சியில் 'V' வடிவப் பள்ளம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். தரை பிளந்து விலகுகிறது என்பதற்கு அது அடையாளம். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை அறிவியலாளர் பலர் ஏற்காத காலம் அது. ஹீசன் அதைப் பெண்களின் வெறும் பேச்சு என்று ஒதுக்கினார்.

பின்னர் அதே அளவையில் நிலநடுக்க மையங்களைக் குறித்துப் பார்த்தபோது, அவை அந்தப் பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக அமைந்தன. ஹீசன் உடன்பட்டார். 1956இல் இது வெளியிடப்பட்டபோது தார்ப்பின் பெயர் அதில் இல்லை.

வரைபடமும் பின்விளைவும்

துல்லியமான ஆழக்கோட்டு வரைபடங்களை அமெரிக்கக் கடற்படை இரகசியமாக வைத்திருந்தது. எனவே இருவரும் மலைகளையும் பள்ளங்களையும் மேலிருந்து காண்பதுபோல் வரையும் முறையைக் கையாண்டு, 1957இல் வட அட்லாண்டிக் வரைபடத்தை வெளியிட்டனர். 1977இல் உலகக் கடலடி வரைபடம் வந்தது. கடற்தரை விரிவு, தட்டுப் புவிப்பொறைக் கொள்கை ஆகியவை ஏற்கப்பட இவ்வரைபடங்கள் துணைநின்றன. தார்ப் ஆய்வுக் கப்பலில் ஏறியது 1960களில்தான்.

இன்று பல்கற்றை ஆழமானிகள் கடலடியின் அகன்ற பட்டையையே ஒரே நேரத்தில் அளக்கின்றன. செயற்கைக்கோள்கள் இருப்பிடத்தைச் சொல்கின்றன. எனினும் பிழையான எதிரொலிகளை நீக்கும் வேலை தொடர்கிறது. உலகக் கடலடியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே இதுவரை இவ்வாறு நேரடியாக அளக்கப்பட்டுள்ளது.