இரு முனைகள் சந்திக்கும் இடம்

ஒளியிழையின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுவர். 1966இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், மாசு நீங்கிய கண்ணாடி இழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் எனக் கணித்துக் காட்டினர். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி, அதாவது 20 டெசிபல் இழப்புக்குப் பின் எஞ்சுவது, மிஞ்சினால் போதும் என்பது அவர்கள் வகுத்த எல்லை. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் அதை எட்டினர். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அதன்பின் எழுந்த கேள்வி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வடம் சில கிலோமீட்டர் நீளமுள்ள சுருள்களாகவே வருகிறது. ஒன்றன் முனையை அடுத்ததோடு எப்படி இணைப்பது?

செம்புக் கம்பியை முறுக்கிப் பற்றவைத்தால் போதும். ஒளியிடம் அந்தச் சலுகை கிடையாது. இழையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர். அதனுள் ஒளி செல்லும் உள்ளகம், ஒற்றைமுறை இழையில், சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். எதிரெதிர் நிற்கும் உள்ளகங்கள் 1 மைக்ரோமீட்டர் விலகினாலே ஏறத்தாழ 0.16 டெசிபல் போய்விடும். நல்ல இழையில் முக்கால் கிலோமீட்டர் பயணத்தின் இழப்பு அது.

முதலில் வந்த பன்முறை இழைகளின் உள்ளகம் அகலமானது. சிறு பிழைகளைப் பொறுத்துக்கொண்டது. பெல் ஆய்வகத்தார் 1971இலேயே முனைகளைச் சூடாக்கி ஒட்டிப் பார்த்தனர். 1975இல் சதுரக் குழாயின் ஒரே மூலையில் இரு இழைகளையும் ஒதுங்கச் செய்தனர். 1976ஆம் ஆண்டின் அட்லாண்டா சோதனை வடத்தில் 12 நாடாக்களில் 144 இழைகள் இருந்தன. நாடாவின் 12 இழைகளையும், பள்ளங்கள் செதுக்கிய சிலிக்கான் தகடுகளில் படுக்கவைத்து ஒருசேர இணைத்தனர்.

பின்னர் மின்வில் வந்தது. அதன் வெப்பத்தில் கண்ணாடி உருகும்போது, பரப்பு இழுவிசை இரு இழைகளையும் தானாகவே நேராக்கிவிடும். ஆனால் அது நேராக்குவது வெளியுறையை. உள்ளகம் இழையின் நடுவிலிருந்து சற்றே தள்ளியிருந்தால், தோல் பொருந்தும், உயிர் பொருந்தாது. ஒற்றைமுறை இழை பரவலானபோது இதுவே பெரும் இடரானது.

தீர்வு, உள்ளகத்தையே பார்ப்பது. இழையை இணைப்பருகே வளைத்து அதனுள் ஒளியைச் செலுத்தி, மறுபுறம் கசியும் அளவு உச்சம் தொடும்வரை நகர்த்தும் முறை ஒன்று. பக்கவாட்டு ஒளியில் உள்ளகத்தின் கோட்டை நுண்ணோக்கியால் கண்டு, கருவியே நேராக்கும் முறை மற்றொன்று.

இதற்கிடையே இழை வார்ப்பவர்களும் உள்ளகத்தை நடுவுக்குக் கொண்டுவந்தனர். எனவே இன்று வீட்டு இணைப்புகளுக்குப் பழைய பள்ளமுறைக் கருவிகளே பெரும்பாலும் போதுமானவை. தோலை நம்பும் துணிவு, உள்ளே நேர்மை வந்தபின் திரும்பியது.

பயன் என்ன? 4 கிலோமீட்டர் சுருள்களால் 100 கிலோமீட்டர் போட்டால் 24 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் 0.2 டெசிபல் போனால், இணைப்புகளைக் கடந்து மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு ஒளி, 0.05 மட்டும் போனால் நான்கில் மூன்று பங்கு. 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழை வடமான டாட்-8 முதல், தெருமுனையில் குந்தியமர்ந்து இழையைத் துடைத்து வெட்டும் பணியாளர் வரை, தூரத்தைத் தீர்மானிப்பது இந்தச் சிறு சந்திப்புகளே.