புறம்போக்குக்கு இங்கிலீஷ்ல என்ன?

போன மாசம் ராகி அறுவடை, அதுக்கப்புறம் தக்காளி நாத்துன்னு வேலை சரியா இருந்துச்சு. எழுத உட்கார முடியல. இப்போ ஒரு வார்த்தையைப் பத்தி எழுதப்போறேன். அந்த ஒரு வார்த்தைக்காக நானும் என் தம்பி மகளும் ரெண்டு ராத்திரி தூங்கல.

அவ சிப்காட்ல ஒரு கம்பெனி ஆபீஸ்ல வேலை பாக்குறா. எங்க ஊர்ச் சார்பா கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு தயாராச்சு. தமிழ்ல நான் எழுதிட்டேன். கோர்ட்டு வரைக்கும் போனாலும் போகும், இங்கிலீஷ்லயும் ஒரு பிரதி வேணும்னு பெரியவங்க சொன்னதால அவகிட்ட கொடுத்தேன். முதல் வரியிலயே நின்னுட்டா.

"பெரிப்பா, புறம்போக்குக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை சொல்லுங்க. வேஸ்ட் லேண்டுன்னு போட்டுடட்டுமா?"

"அதை மட்டும் போடாத தாயி"ன்னேன்.

காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி எங்க ஊர்க் களத்துமேட்டுக்காக இதே மாதிரி ஒரு மனு கொடுத்தோம். ராகியையும் கொள்ளையும் அடிச்சுத் தூத்துற பொதுக்களம் அது. டவுன்ல ஒரு டைப்பிங் கடையில இங்கிலீஷ்ல அடிச்சு வாங்கினோம். நாங்க யாரும் படிச்சுப் பாக்கல. ஆபீஸ்ல அதை வாங்கினவர் படிச்சுட்டு, "வேஸ்ட் லேண்டுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அப்புறம் என்ன ஆட்சேபணை?"ன்னு கேட்டாரு. அந்த ஒரு வார்த்தையாலதான் களம் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னைக்கு எங்ககிட்ட பதில் இல்ல. இப்போ அங்க காம்பவுண்டு சுவர் நிக்குது. நாங்க ராகியைத் தார் ரோட்டுல போட்டு வண்டிய ஏத்தி அடிக்கிறோம்.

இப்போ பிரச்சினை ஏரிக்கு மேற்கே இருக்கிற நாலு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. லாரி நிறுத்த இடம் வேணும்னு ஒரு கம்பெனி கேட்டிருக்கு. பாக்குறவங்களுக்கு வெறும் பொட்டல்தான். ஆனா ஊர்ல பால் ஊத்துறவங்க மாடு, ஆட்டுக்காரங்க ஆடு எல்லாம் அங்கதான் மேயுது. மழை பெஞ்சா அந்தச் சரிவு வழியாத்தான் ஏரிக்குத் தண்ணி இறங்கணும். அதுல மண்ணைக் கொட்டி மேடாக்கினா ஏரி காயும், ஏரி காய்ஞ்சா கீழ இருக்கிற கிணறும் காயும். என் கிணறும் அதுல ஒண்ணு.

அதனாலதான் சரியான வார்த்தை தேடினோம். தேடப் போயி 230 வருஷத்துக் கதை கிடைச்சுது.

முதல்ல தமிழ்ல என்ன அர்த்தம்னு பாப்போம். புறம்னா வெளி. தீர்வைக் கணக்குக்கு வெளியே போனது புறம்போக்கு. நிலம் கெட்டதுன்னோ வேணாம்னு தள்ளினதுன்னோ அதுல ஒரு எழுத்துகூட இல்ல. 'இதுக்கு வரி கேக்காத'ங்கிறது மட்டும்தான் அதுல இருக்கு.

இந்த யோசனை வெள்ளைக்காரன் கொண்டுவந்ததும் இல்ல. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கோயில் 1010-ல முடிஞ்சது. கோயிலுக்கு விட்ட ஊர்களோட நில அளவைச் சொல்றப்போ, வரிக்குச் சேராததைத் தனியா கழிச்சுக் காட்டியிருக்காங்க. ஊர் நத்தம், கோயில், குளம், ஊரைக் கடந்து போற வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாம் அந்தக் கழிவுல வருது. வயல்ல நெல் விளையணும்னா வாய்க்கால் வேணும், மனுஷன் குடியிருக்க நத்தம் வேணும், செத்தா சுடுகாடு வேணும். ஊர் நடக்கணும்னா வரி கட்டாத நிலமும் வேணும்னு ஆயிரம் வருஷம் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்காங்க.

இனி எங்க ஜில்லாவுக்கு வரேன். 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் தன் ராஜ்ஜியத்துல பாதியை விட்டுக்கொடுத்தாரு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த பாராமகால் அப்போதான் கம்பெனிக்காரன் கைக்கு வந்துச்சு. இங்க கம்பெனின்னா கிழக்கிந்தியக் கம்பெனி, சிப்காட் கம்பெனி இல்ல. பாராமகாலை நிர்வாகம் பண்ண கேப்டன் அலெக்சாண்டர் ரீடு வந்தாரு. அவருக்கு உதவியா இருந்த பட்டாளத்து ஆபீசர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. பின்னாடி மெட்ராஸ் கவர்னரா ஆனவர், சென்னையில குதிரைமேல சிலையா உட்கார்ந்திருக்காரே, அவரேதான். 1792-லேர்ந்து 1799 வரைக்கும் அவர் பாராமகால்லதான் வேலை பாத்தாரு.

நடுவுல ஜமீன்தார், குத்தகைக்காரன்னு யாரும் இல்லாம, ஒவ்வொரு விவசாயிகிட்டயும் நேரா தீர்வை வாங்குற ரயத்துவாரி முறைக்கு அஸ்திவாரம் போட்டது எங்க மண்ணுலதான். சங்கிலி பிடிச்சு வயல் வயலா அளந்தாங்க. இது யார் நிலம், எத்தனை ஏக்கர், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவுன்னு எழுதினாங்க. இதுல நல்லதும் இருக்கு. என் பேர்ல என் ரெண்டரை ஏக்கருக்குப் பட்டா இருக்குன்னா அதுக்கு வேர் அந்த வேலையிலதான் இருக்கு. அதை மறைச்சுப் பேசினா நியாயம் இல்ல.

ஆனா அந்தக் கணக்கு நிலத்தைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி 'உன்னால எவ்வளவு தீர்வை வரும்?'ங்கிறதுதான். பதில் சொன்ன நிலத்துக்கெல்லாம் நஞ்சை, புஞ்சைன்னு பேர் வந்துச்சு. பயிர் வைக்காம தீர்வை வராம கிடந்த நிலத்துக்கு அவங்க ஊர்லேர்ந்து ஒரு வார்த்தை கொண்டுவந்தாங்க. அதுதான் வேஸ்ட்.

அவங்களுக்கு வார்த்தை பஞ்சமான்னு தம்பி மகள் கேட்டா. அப்படியும் இல்ல. பொருந்தாத இடத்துல நம்ம வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. பட்டா, கிஸ்தி, ஜமாபந்தி, தாசில்தார், கர்ணம் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல ஏறிடுச்சு. கூலிங்கிற நம்ம வார்த்தை கப்பலேறி உலகம் பூரா போச்சு. இப்படிச் சேர்ந்த வார்த்தைகளுக்குன்னே ஹெச்.ஹெச். வில்சன் ஒரு பெரிய அகராதி போட்டாரு. 1855-ல லண்டன்ல அச்சாச்சு. கோர்ட்டுலயும் வருவாய்க் கணக்குலயும் வர்ற இந்திய வார்த்தைகளுக்கு விளக்கம் சொல்றதுதான் அதோட வேலை. மொழிபெயர்க்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டதுக்கு அந்தப் புத்தகமே சாட்சி.

ஏரிக்கு மட்டும் டேங்க்னு பேர் வெச்சாங்க. இன்னைக்கு டேங்க்னு சொன்னா பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு மொட்டை மாடியில இருக்கிற கருப்பு டிரம்தான் ஞாபகம் வரும். ஓசூர்ல ராமநாயக்கன் ஏரியை டேங்க்னு எழுதினா யாருக்குப் புரியும்?

ரெண்டாவது, காமன்னு போடலாமான்னு பாத்தோம். இங்கிலாந்துல ஊர் மாடு மேயுற பொது நிலத்துக்குப் பேர் அதுதான். கிட்டத்தட்ட நம்ம மேய்க்கால், மந்தைவெளி மாதிரி. தங்கள் ஊர்லயே அந்த வார்த்தை இருக்கு, இங்க வந்து ஏன் வேஸ்ட்னு எழுதினாங்க? தேடிப் பாத்தா அங்கயும் இதே கதைதான். பண்ணை எஜமானோட எல்லைக்குள்ள பயிர் வைக்காம கிடந்த மேய்ச்சல் நிலத்தை அவங்களும் வேஸ்ட்னுதான் சொல்லியிருக்காங்க. மாடு விட்டவன் காமன்னு சொன்னதைத்தான் எஜமான் பக்கம் வேஸ்ட்னு எழுதினாங்க. அந்தப் பொது நிலத்தையெல்லாம் வேலி போட்டுத் தனியார் கையில கொடுக்க 1604-லேர்ந்து 1914 வரைக்கும் அந்த ஊர் பார்லிமெண்ட் 5,200-க்கும் மேல தனித்தனிச் சட்டம் போட்டுச்சு. மொத்தம் 68 லட்சம் ஏக்கர். ரீடும் மன்றோவும் இங்க சங்கிலி பிடிச்ச காலத்துல அங்க வேலி போடுறது மும்முரமா நடந்துச்சு. சொந்த ஊர் ஏழைக்கே அந்த வார்த்தையை விட்டுவைக்கல, நமக்கா கொடுப்பாங்க?

காமனும் முழுசா பொருந்தல. அங்க நிலம் எஜமானோடது, மேய்க்கிற உரிமை மட்டும் ஊருக்கு. இங்க புறம்போக்கு அரசாங்கத்துக் கணக்குல இருக்கு, பயன் ஊருக்கு. இன்னொண்ணையும் சொல்லியாகணும். ஊர்ப்பொதுன்னு சொன்னாலும் எல்லாருக்கும் அது ஒரே மாதிரி பொதுவா இருந்ததில்ல. ஒரே ஏரியில யார் எந்தக் கரையில இறங்கணும்னு சட்டம் வெச்ச ஊர்தான் எங்க ஊரும். எங்க அப்பா காலம் வரைக்கும் அது இருந்துச்சு.

மூணாவதா கவர்மெண்ட் லேண்ட்னு போடலாம்னா அது இன்னும் மோசம். கவர்மெண்ட் நிலம்னா கவர்மெண்ட் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாமேன்னு ஆயிடும்.

என் மாமனார் வீடு ஆனேக்கல் பக்கம். எல்லையைத் தாண்டினா அரை மணி நேரம். ஓசூரும் 1799-ல திப்பு விழுந்தப்புறம்தான் கம்பெனி கைக்கு வந்து சேலத்தோட சேர்ந்துச்சு. ஆனேக்கல் மைசூர் ராஜா பக்கம் நின்னுடுச்சு. அதனால ஒரே மாதிரி மண்ணுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் வேற வார்த்தை. மச்சான்கிட்ட போன்ல கேட்டேன். மேய்ச்சல் நிலத்துக்கு அவங்க கணக்குல கோமாளா. பசு மேயுற இடம்னு பேர்லயே வேலை தெரியுது. ஆனா பாதை, மயானம் மாதிரி பொது உபயோகத்துக்கு விட்டதை 'பி கராபு'ன்னு எழுதுறாங்க. பயிருக்கு லாயக்கில்லாதது 'ஏ கராபு'. கராபுன்னா உருதுல கெட்டதுன்னு அர்த்தம். பாத்தீங்களா, அங்கயும் ஊர் நடக்குற பாதைக்குக் கெட்ட பேர்தான்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லி என்ன பண்றது? நம்ம ஆளுங்க புறம்போக்கை வசவு வார்த்தையாவே ஆக்கிட்டாங்க. பட்டணத்துல வேலைக்கு ஆகாதவனை "போடா புறம்போக்கு"ங்கிறாங்க. ஒரு காலத்துல 'இதுல கை வைக்காத'ன்னு அர்த்தம் இருந்த வார்த்தை, 'இதை யாரு வேணா மிதிக்கலாம்'னு ஆயிடுச்சு. வார்த்தை கீழ விழுந்தா நிலமும் பின்னாடியே விழும்னு நான் களத்துமேட்டுல பாத்தவன்.

கடைசியில வழி கிடைச்சது அரசாங்கத்தோட கணக்குலயேதான். ஊர்க் கணக்குல தரிசு வேற, புறம்போக்கு வேற. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசுன்னு ரெண்டு வகை இருக்கு. இங்கிலீஷ்ல எழுதுறப்போ இந்த ரெண்டுக்குத்தான் வேஸ்ட்னு போடுறாங்க. புறம்போக்கை இங்கிலீஷ்லயும் புறம்போக்குன்னே எழுதுறாங்க. அர்த்தமில்லாம இல்ல. தரிசு, நிலமில்லாதவனுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிறதுக்கு உண்டானது. புறம்போக்கு பொது உபயோகத்துக்குன்னு ஒதுக்கினது. அதை வேற யாருக்காவது கொடுக்கணும்னா முதல்ல வகைமாற்றம் பண்ணணும், ஊருக்குத் தெரியணும், ஆட்சேபணை கேக்கணும். நாமளே மனுவுல வேஸ்ட்னு எழுதினா அந்த வேலியை நம்ம கையாலயே பிடுங்கிப் போடுற மாதிரி.

இன்னொரு பலமும் கிடைச்சுது. 2011 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு ஜக்பால் சிங் வழக்குல ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. பஞ்சாப்ல பட்டியாலா ஜில்லாவுல ஒரு ஊர்க் குளத்தை ஆக்கிரமிச்ச வழக்கு. ஊர்ப் பொது நிலத்துல ஆக்கிரமிப்பை எடுக்க எல்லா மாநிலமும் திட்டம் போடணும்னு உத்தரவு. அதுல பொது நிலத்துக்கு ஒவ்வொரு பக்கமும் என்னென்ன பேர்னு நீதிபதிகள் வரிசையா சொல்லியிருக்காங்க. தென்னாட்டுக்கு வர்றப்போ மந்தைவெளி, புறம்போக்குன்னே எழுதியிருக்காங்க, களமும் அந்த வரிசையில இருக்கு. தம்பி மகள் அதைப் படிச்சுக் காட்டினப்போ எனக்குக் களத்துமேடு கண்ணுல வந்து நின்னுச்சு. தேசத்தோட பெரிய கோர்ட்டே மொழிபெயர்க்காத வார்த்தையை டைப்பிங் கடைக்காரர் மொழிபெயர்த்துட்டாரு.

அதனால ஒரே வார்த்தை தேடுறதை விட்டுட்டோம். இங்கிலீஷ் மனுவுல மேய்க்கால் புறம்போக்குன்னே போட்டோம். பக்கத்துல சர்வே நம்பர். அதுக்கு அடுத்து, அந்த நாலு ஏக்கர் என்ன வேலை செய்யுதுன்னு அஞ்சு வரி. எத்தனை வீட்டு மாடு மேயுது, எந்தப் பக்கமிருந்து தண்ணி ஏரிக்கு வருது, எத்தனை கிணறு அதை நம்பியிருக்கு. கணக்கெடுக்க வீடு வீடா நானே போனேன். வேஸ்ட்ங்கிற வார்த்தை எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு ரெண்டு தடவை தேடிப் பாத்தோம்.

போன திங்கக்கிழமை கிருஷ்ணகிரியில குறைதீர்க்கும் நாள்ல கொடுத்துட்டு வந்தோம். ரசீது இருக்கு, பதில் இன்னும் வரல. வாங்கினவங்க இங்கிலீஷ் பிரதியைப் பாத்துட்டு, "புறம்போக்குக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லையாம்மா?"ன்னு தம்பி மகளைக் கேட்டாங்க.

"உங்க ரிஜிஸ்தர்லயும் இதே வார்த்தைதான் சார் இருக்கு"ன்னா அவ. அவரு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு முத்திரை குத்தினாரு.

உங்க சொந்த ஊர்லயும் இப்படி ஒரு நிலம் இருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அது எந்தப் பேர்ல கணக்குல இருக்குன்னு வி.ஏ.ஓ.கிட்ட கேட்டுப் பாருங்க. பதில் வந்ததும் இங்க எழுதுறேன்.