ஹார்மோனியம் வேண்டாம் என்ற வெள்ளைக்காரர்: ஜான் ஃபோல்ட்ஸ்

அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முப்பது வருடம்! இந்தத் தடைக்கு இரண்டு வருடம் முன்னால், 1938-ல், வானொலியின் 'இந்தியன் லிஸனர்' பத்திரிகையில் ஹார்மோனியத்தைத் திட்டி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நம்மூர் வித்வான் என்று நினைப்பீர்கள். இல்லை. மான்செஸ்டரில் பிறந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற இங்கிலீஷ்காரர்.

யார் இவர்? 1880-ல் பிறந்தார். அப்பா ஹாலே ஆர்கெஸ்ட்ராவில் வாத்தியக்காரர். மகனும் 1900-ல் அதே ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். இசை எழுதுவதை பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். நாடகங்களுக்கு இசையமைத்தார், பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' உட்பட.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது மனைவி மாட் மெக்கார்த்தி. அயர்லாந்தில் பிறந்த வயலின் கலைஞர். சிறுவயதிலேயே மேடை ஏறியவர், கைக்கோளாறால் வாசிப்பதை விட வேண்டியதாயிற்று. 1907-ல் அன்னி பெசன்ட் அம்மையாருடன் இந்தியா வந்தவர், தென்னிந்தியாவில் சுற்றி நம் ராகங்களைப் பாடக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, லண்டனில் அதைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார், பாடியும் காட்டினார். இருவரும் 1915-ல் சந்தித்தார்கள். கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தா ஃபோல்ட்ஸுக்குக் கிடைத்தது இந்த வழியில்தான்.

இங்கே காமர்ஸ் மாணவன் என்ற முறையில் ஒரு சின்னக் கணக்கு. ஸ, ப இரண்டும் மாறாது. மத்யமம் இரண்டு வகை. ரிஷப-காந்தார ஜோடி ஆறு, தைவத-நிஷாத ஜோடி ஆறு. 2 x 6 x 6 = 72. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி போட்ட கணக்கு இது. ஐரோப்பியரோ அப்போது மேஜர், மைனர் என்ற இரண்டையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். ஃபோல்ட்ஸ் இதைப் பார்த்து எப்படி ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்! பியானோவுக்கு அவர் எழுதிய 'எஸ்ஸேஸ் இன் தி மோட்ஸ்' என்ற தொகுப்பில் ஒவ்வொரு துண்டும் ஒரே சுர வரிசைக்குள் நிற்கும், அந்நிய சுரம் ஒன்றுகூட உள்ளே வராது. 'த்ரீ மந்த்ராஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையில் மூன்றாவது மந்திரமும் அப்படித்தான். பெரிய ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஏழே சுரத்தில் இடி இடிக்கும். ஆனால் கமகம் கிடையாது, அதனால் நம் காதுக்கு ராகமாகக் கேட்காது. அது குறைதான் என்பது என் கருத்து.

முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக அவர் எழுதிய 'வேர்ல்ட் ரெக்வியம்' 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் நவம்பரில் லண்டனில் அரங்கேறியது. பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேல். அதன்பிறகு அது நின்றுவிட்டது. பி.பி.சி. அவருடைய லேசான மெட்டுகளை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. அதுதான் அவர் மனக்குறை.

1935-ல் மனைவியோடு இந்தியாவுக்கே வந்துவிட்டார். அதற்கு முந்தைய வருடம்தான் பால் பிரண்டனின் புத்தகம் வெளிவந்து, வெள்ளைக்காரர்கள் எங்கள் திருவண்ணாமலைக்கு ரமணரைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். ஃபோல்ட்ஸ் தேடியது இசையை. டில்லி வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குத் தலைவரானார். நம் வாத்தியக்காரர்களைச் சேர்த்து, ஆர்கெஸ்ட்ரா போல ஒன்றாக வாசிக்கப் பயிற்சி கொடுத்தார். நம்மிடம் ஒவ்வொரு வித்வானும் தனக்கென்று மனோதர்மத்தில் வாசிப்பவர். அவர்களை எழுதி வைத்ததை எழுதியபடி வாசிக்க வைப்பது லேசான வாத்தியார் வேலையா என்ன! அவர்களுக்காகவே புதிய இசையும் எழுதினார்.

இப்போது அந்த ஹார்மோனியக் கட்டுரை ஏன் என்பது புரியும். கட்டையை அழுத்தினால் ஹார்மோனியத்தில் அந்த ஒரு சுரம்தான் வரும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது, நுண்ணிய ஸ்ருதியும் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி இந்திய சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று ஐரோப்பியர் ஒருவரே சொன்னார். தாகூரும் தடையை ஆதரித்தார். வாதம் சரிதான், பலன் சரியா? கிட்டப்பா பாட அவர் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசித்து நாடக மேடையை ஆண்ட நாடு இது. எங்கள் மாவட்டத்துப் புரிசையில் கூத்து ஆரம்பித்தால் முகவீணையோடு ஹார்மோனியமும் சேர்ந்துதான் விடிய விடிய ஒலிக்கும். அந்தக் கலைஞர்களைக் கேட்டா இதை முடிவு செய்தார்கள்?

தடை வந்தபோது ஃபோல்ட்ஸ் உயிரோடு இல்லை. 1939 ஏப்ரலில் கல்கத்தா நிலையத்துக்கு மாறிப் போனார். போன சில நாளிலேயே காலரா. 58 வயது. அங்கேயே அடக்கம்.

இந்தியாவில் அவர் எழுதியதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. நம் வாத்தியங்களையும் அவர்கள் ஆர்கெஸ்ட்ராவையும் சேர்த்து எழுதிய 'சிம்பொனி ஆஃப் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்' அதில் ஒன்று. மற்ற கையெழுத்துப் பிரதிகளில் எலியும் எறும்பும் தின்றது போக மீதி மகளிடம் இருந்தது. 1970-களில் மால்கம் மெக்டொனால்ட் என்ற விமர்சகர் அவற்றைத் தேடிப் பிடித்து எழுத ஆரம்பித்தார். 2007 நவம்பர் 11 அன்று, 81 வருடம் கழித்து, 'வேர்ல்ட் ரெக்வியம்' மறுபடி அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒலித்தது.