வாக்காளர் பட்டியலும் வன்மமும்

பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில், பட்டறைகளின் சம்மட்டி ஓசையோடு பனியன் கம்பெனிகளின் இரைச்சலும் கலந்துவிட்ட இக்காலத்தில், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தமிழரோடு ஒரே லைன் வீட்டில் குடியிருப்பது சகஜமாகிவிட்டது. 2023 மார்ச்சில், வடமாநிலத்தார் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைபேசி வழியே பரவி, பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறியபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய கொழும்பின் சரித்திரத்தை நான் மீண்டும் எடுத்துப் படித்தேன்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இலங்கை ராணுவச் சிப்பாய்கள் 13 பேர் தமிழ்ப் போராளிகளால் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவே கொழும்பில் தமிழர் உடைமைகள் எரியத் தொடங்கின. அது ஜனங்களின் திடீர்க் கோபம் என்று அன்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. உயிர் பிழைத்தோரின் வாக்குமூலங்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. கும்பலின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் வசிக்கிறார் என்று இலக்கம் பார்த்து வந்தார்கள். தெருவில் வழிமறிக்கப்பட்டவர்களை, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரித்துக் காட்டச் சொன்னார்கள். கிணற்றடியில் கிடக்கும் ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்ல நா பிறழ்ந்ததற்காக மனிதன் சாக நேர்ந்தது என்றால், அந்தத் துவேஷத்தின் ஆழத்தை என்னவென்று சொல்வது! வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25-இல் 35 தமிழ்க் கைதிகளும், 27-இல் 18 பேரும் கொல்லப்பட்டார்கள். மலையகத் தமிழரை வவுனியாவில் குடியமர்த்திய காந்தீயம் அமைப்பின் டாக்டர் ராஜசுந்தரம் இரண்டாம் முறை நடந்த தாக்குதலில் மாண்டார்; அவருடைய தோழரான கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் தப்பிப் பிழைத்து அக்கொடுமைக்குச் சாட்சியானார்.

இச்சாட்சியங்களை இத்தாலிய ரசாயனி பிரீமோ லேவியின் நூலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் 174517 என்ற எண் கையில் பச்சை குத்தப்பெற்ற அவர், பெயரை இழந்த மனிதன் எவ்வாறு பிறர் கண்ணுக்கு மனிதனாகவே தோன்றாமற் போகிறான் என்பதை, 1947-இல் வெளியிட்ட அந்நூலில் ஆத்திரமின்றி எழுதினார். சுமார் 60 லட்சம் யூதர் அழிக்கப்பட்ட மகாபாதகத்தையும் ஜூலைக் கலவரத்தையும் ஒரே அளவினவென்று நான் கூறவில்லை. வழி மட்டும் ஒன்றென்று கூறுகிறேன். ஜெர்மனியில் 1935-இல் நியூரம்பர்க் சட்டம் யூதரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. இலங்கையில் 1948-இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றாயிற்று. 1958-இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் ரத்தம் சிந்தியது. குரூரம் காகிதத்தில் நெடுங்காலம் பயின்ற பிறகே கைக்கு வந்தது.

ஆகவே அனுப்பர்பாளையத்து வீட்டுக்காரரையும் முதலாளிகளையும் வேண்டிக்கொள்கிறேன்: 'ஹிந்திக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லை விட்டு, உங்கள் லைன் வீட்டில் இருப்பவரை அவரவர் பெயர் கேட்டறிந்து அழையுங்கள், மெய்யென்று தெரியாத வீடியோ ஒன்றையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.