புலியூர்க்குறிச்சியில் ஒரு டச்சு கேப்டன்!

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் பஸ்ல போயிருக்கீங்களா? தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சி வரும். அங்கே தெரியும் கருங்கல் மதிலைப் பார்த்துட்டு, 'ஏதோ பழைய கோட்டை'ன்னு மறுபடி மொபைலுக்குள்ள தலையை விட்டிருப்பீங்க. அதுதான் உதயகிரிக் கோட்டை. இன்னொரு பேர், டிலனாய் கோட்டை.

யார் அந்த டிலனாய்? யூஸ்டாச்சியஸ் டி லனாய், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர். (பிறந்தது ஹாலந்தில்கூட இல்லை, இன்றைய பிரான்ஸில் இருக்கும் அராஸ்!) கம்பெனிக்கு நம்ம பக்கத்து மிளகு மேல் கண். மிளகு விளையும் சிற்றரசுகளைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒவ்வொன்றாகப் பிடிக்க, சண்டை மூண்டது. 1741-ல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. சிக்கியவர்களில் ஒருவர் டி லனாய்.

கதையே இதுக்கு அப்புறம்தான். கைதியைச் சிறையில் போட்டு மறக்காமல், தன் வீரர்களுக்கு ஐரோப்பியப் பாணியில் பயிற்சி கொடுக்கிற வேலையை அவரிடமே ஒப்படைத்தார் மன்னர். எதிரியிடமே பாடம் கேட்கிற துணிச்சல் எத்தனை ராஜாக்களுக்கு வரும்? உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரம் நிற்கும் வட்டக்கோட்டையைப் புதுப்பித்ததும் இவர் மேற்பார்வையில்தான். மக்கள் வைத்த பேர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன்.

அரசு அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, கிறிஸ்தவத்தை அறிந்தது இவரிடம் பழகித்தான். 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயமான அவர், 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்ம மாவட்டமே கொண்டாடியது ஞாபகம் இருக்கும்.

டி லனாய் கடைசிவரை ஊர் திரும்பவில்லை. 1777-ல் இங்கேயே இறந்தார். சுமார் 90 ஏக்கர் கோட்டை இப்போ வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. குடும்பங்கள் மான் பார்க்க வருது, ஜோடிகள் நிழல் தேடி வருது. ரொம்பப் பேர் அதோட திரும்பிடறாங்க. இன்னும் கொஞ்சம் உள்ளே நடங்க, மக்கா. இடிந்த சிற்றாலயம் ஒன்று நிற்கும். அதற்குள்தான் அவர் கல்லறை. மனைவியும், களக்காட்டுப் போரில் இறந்த மகனும் பக்கத்திலேயே. கல்லில் லத்தீனும் இருக்கு, தமிழும் இருக்கு.

அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை பக்கம்தான். அதையும் பார்த்துடுங்க. மார்த்தாண்ட வர்மாவிடம் டி லனாய் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கு. கல்லறையைப் பார்த்த கண்ணோட அந்தப் படத்தைப் பாருங்க. மண்டியிட்டிருப்பவர் வேற ஆளாத் தெரிவார்.