திருக்கைகளின் மீது விழுந்த பழி

நூல்களைப் பற்றியே மிகுதியும் பேசிவரும் நாம், முதலைகளோடு மல்லுக்கட்டிய ஒரு தொலைக்காட்சி மனிதரின் சாவை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் தான் நேசித்த ஒருவரை இழக்கும்போது ஒரு சமூகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் வரலாற்றில் ஒரு பக்கம்தான். நாம் இங்கே புரட்டும் பக்கத்தில் கண்ணீர் உண்டு, வசை உண்டு. ஏதுமறியாத சில மீன்களின் உயிரும் உண்டு.

2006 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், போர்ட் டக்ளஸ் நகருக்கு அப்பால் பாட் ரீஃப் என்னும் பவளத்திட்டு. கடலின் கொடிய உயிரினங்களைப் பற்றிய படம் ஒன்றுக்காக ஸ்டீவ் இர்வின் அங்கே சென்றிருந்தார். வானிலை சரியில்லாமையால் அப்படப்பிடிப்பு தடைப்பட்டது. சும்மா இருக்கத் தெரியாத அம்மனிதர், தம் மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்காகச் சில காட்சிகளை எடுக்கலாமென்று ஆழமில்லாத நீரில் இறங்கினார். அங்கிருந்த பெரிய திருக்கை ஒன்றின் வால்முள் அவர் மார்பில் பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 44.

இர்வினின் பெற்றோர் 1970இல் பீர்வா என்னும் ஊரில் சிறிய ஊர்வனப் பூங்கா ஒன்றைத் தொடங்கினர். பாம்புகளுக்கும் முதலைகளுக்கும் நடுவிலேயே வளர்ந்த மகன், 1991இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1996இல் தொடங்கிய 'குரோக்கடைல் ஹண்டர்' தொடர் அவரை உலகறியச் செய்தது. குவீன்ஸ்லாந்தில் முதலை வேட்டை தடைசெய்யப்பட்டதே 1974இல்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சுட்டுத் தோலுரிக்கப்பட்டுவந்த ஒரு விலங்கின் முன் காக்கி அரைக்கால் சட்டையோடு மண்டியிட்டு, "என்ன அழகு பாருங்கள்" என்று குழந்தையைப் போல் கூவியவர் அவர். அஞ்சத்தக்கதும் அன்புக்குரியதே என்பதுதான் அவர் ஓயாமல் சொல்லிவந்த பாடம்.

அவர் உயிரோடு இருந்தபோது தாய்நாடு அவரை ஒருமனதாகக் கொண்டாடியது என்று சொல்ல இயலாது. அந்த உரத்த குரலும் நாட்டுப்புறப் பேச்சும் நகரத்துப் படித்தவர்களில் பலருக்குக் கூச்சத்தை உண்டாக்கின. 2004 சனவரியில், ஒரு மாதக் கைக்குழந்தையான மகனை ஒரு கையில் ஏந்தியபடி மறு கையால் அவர் முதலைக்கு இரை கொடுத்த காட்சி கடும் கண்டனத்துக்கு உள்ளானது. வழக்கு ஏதும் தொடுக்கப்படவில்லை. ஆனால் வடு நின்றது.

மரணச் செய்தி அத்தனையையும் புரட்டிப்போட்டது. பூங்காவின் வாயிலில் மலர்கள் குவிந்தன. மக்கள் காக்கிச் சட்டைகளில் தம் வாசகங்களை எழுதி அங்கே விட்டுச் சென்றனர். மாநில முதல்வர் பீட்டர் பீட்டி அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த முன்வந்தார். தந்தை பாப் இர்வின் அதை ஏற்கவில்லை; தம் மகன் ஒரு சாதாரண மனிதனாகவே நினைக்கப்பட விரும்பியிருப்பான் என்றார். செப்டம்பர் 20 அன்று பூங்காவின் முதலைக் காட்சி அரங்கிலேயே நினைவுக்கூட்டம் நடைபெற்றது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரில் கூடினர். தொலைக்காட்சி வழியே கண்டவர்களோ கணக்கற்றோர். பிரதமர் ஜான் ஹோவர்ட் பேசினார். ஆயினும் அன்று அனைவரையும் உருக்கியது எட்டு வயது பிண்டியின் சொற்களே.

இதற்கு நேரெதிரான குரலும் உடனே எழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பெண்ணியச் சிந்தனையாளர் ஜெர்மெய்ன் கிரீர், மரணத்துக்கு மறுநாளே 'கார்டியன்' இதழில் எழுதினார். விலங்குகளின் இடத்துக்குள் அத்துமீறி நுழைந்தவர் இர்வின் என்றும், விலங்குலகம் இறுதியில் பழி தீர்த்துக்கொண்டது என்றும் அவர் சொன்னது நாட்டையே கொதிக்க வைத்தது. அரசியல்வாதிகள் உட்படப் பலரும் அவரைச் சாடினர். துக்க வீட்டில் பேசத்தக்க பேச்சா அது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் விலங்கைச் சீண்டாமல், பிடிக்காமல், தொலைவில் நின்று நேசிக்க முடியாதா என்ற அவரது உள்வினாவை வசைகளால் விலக்கிவிட முடியாது.

பின்னர் வந்த செய்தியே நம்மை நிலைகுலைய வைக்கிறது. இறப்புக்குப் பின் வந்த ஓரிரு வாரங்களில், குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கைகள் இறந்து கிடந்தன. சிலவற்றின் வால்கள் வெட்டப்பட்டிருந்தன. வலையில் சிக்கும் திருக்கையின் முள்ளுக்கு அஞ்சி மீனவர் வாலை வெட்டுவதும் உண்டு. ஆதலால் உறுதியாகச் சொல்ல இயலாது. எனினும் இது இர்வினுக்கான பழிவாங்கலாக இருக்கலாம் என்று அதிகாரிகளே ஐயுற்றனர். அவர் நிறுவிய காட்டுயிர்க் காப்பு அமைப்பின் தலைவர், இத்தகைய செயலை இர்வின் ஒருபோதும் விரும்பியிருக்கமாட்டார் என்று வெளிப்படையாகவே கண்டித்தார். அந்த ஐயம் மெய்யானால் அதைவிடக் கொடிய முரண் வேறில்லை. திருக்கையின் முள் தற்காப்புக்கானது. அது யாரையும் தேடிச் சென்று குத்துவதில்லை. இதைத்தான் அவர் ஒவ்வொரு விலங்கையும் காட்டிச் சொல்லிவந்தார். அவர்மீது கொண்ட அன்பின் பேரால் அவரது பாடமே கொல்லப்பட்டது.

கிரீரும் வாலை வெட்டியவர்களும் எதிரெதிர் முனைகளில் நின்றாலும், பழி என்னும் ஒரே சொல்லால் அச்சாவைப் படித்தனர். ஒருவர் விலங்கின் பழி என்றார். மற்றவர்கள் மனிதனின் பழியைத் தீர்க்கப் புறப்பட்டனர். திருக்கைக்கோ இரண்டும் தெரியாது. தன்மேல் நிழல் விழுந்தபோது அது தன்னைக் காத்துக்கொண்டது, அவ்வளவே.

ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில் மற்றொன்றும் புலப்படுகிறது. தம் வருவாயில் இர்வின் நிலம் வாங்கினார், காட்டுயிர்களுக்கென்றே விட்டுவைக்க. 2007இல் கேப் யார்க் தீபகற்பத்தில் ஏறத்தாழ 1,35,000 ஹெக்டேர் நிலம் அவர் பெயரால் காப்பகமாயிற்று; பின்னர் அங்கே பாக்சைட் தோண்ட எழுந்த திட்டத்தை அவர் குடும்பத்தார் எதிர்த்து நின்றனர். கிரீரும் 2001இலேயே அதே குவீன்ஸ்லாந்தில், மாடு மேய்த்துப் பாழான 60 ஹெக்டேர் மழைக்காட்டு நிலத்தை வாங்கி, மீண்டும் காடாக்கத் தொடங்கியிருந்தார். அந்த அனுபவத்தை 2013இல் நூலாகவும் எழுதினார். ஒருவரை ஒருவர் ஏற்காத இருவரும் செய்தது ஒரே வேலை.

அந்நாட்களின் ஆரவாரத்தில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குவிந்த மலர்கள் வாடின, வசைகளும் ஓய்ந்தன. வாங்கிக் காத்த நிலம் இருக்கிறது. அதில் முதலைகள், தமக்காக அழுதவர் யார், ஏசியவர் யார் என்று அறியாமலே வெயில் காய்கின்றன.