ஆங்கிலத்தில் லத்தீன் சொற்கள்

லத்தீன், இத்தாலியின் லாத்தியம் பகுதியில் பிறந்து ரோமானியப் பேரரசோடு பரவிய மொழி. ஆங்கிலமோ ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஆங்கில அகராதியில் உள்ள சொற்களில் பாதிக்கு மேல் லத்தீனிலிருந்து நேராகவோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை. அன்றாடப் பேச்சில் அடிக்கடி புழங்கும் சிறு சொற்கள் பெரும்பாலும் ஜெர்மானிய மூலத்தவை. சட்டம், மருத்துவம், அறிவியல், நிர்வாகம் ஆகிய துறைகளில் லத்தீன் மிகுதி. இச்சொற்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளில் பல கட்டங்களாக வந்து சேர்ந்தன.

தொடக்கக் கட்டங்கள்

ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனுக்குக் குடிபெயரும் முன்பே, ஐரோப்பிய நிலப்பரப்பில் ரோமானிய வணிகரோடும் படையினரோடும் பழகினர். வைன், சீஸ், ஸ்ட்ரீட், மைல் ஆகியவை அப்போது பெற்ற சொற்கள். ஸ்ட்ரீட்டின் மூலமான 'ஸ்ட்ராட்டா' கல் பாவிய சாலையைக் குறித்தது. 'மிலியா' என்றால் ஆயிரங்கள்; ஆயிரம் தப்படி கொண்ட தொலைவே ரோமானியரின் மைல்.

கி.பி. 43 முதல் சுமார் 410 வரை பிரிட்டனின் பெரும்பகுதியை ரோமானியர் ஆண்டனர். படைமுகாமைக் குறித்த 'காஸ்ட்ரா' என்ற சொல் மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இன்றும் உள்ளது. 597இல் அகஸ்டின் தலைமையில் கிறிஸ்தவத் துறவிகள் கென்ட் பகுதிக்கு வந்தபின், வழிபாட்டோடும் கல்வியோடும் தொடர்புடைய கேண்டில், மாஸ், ஸ்கூல் முதலிய சொற்கள் வேரூன்றின. இவற்றில் ஸ்கூல், கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போன சொல்.

நார்மன் வெற்றி

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆள்வோரின் மொழியாகப் பிரெஞ்சு அமர்ந்தது. அது லத்தீனின் வழிமொழி என்பதால், கோர்ட், ஜட்ஜ், பிரிசன் போன்ற லத்தீன் வழிச் சொற்கள் பெருமளவில் நுழைந்தன. மாடும் பன்றியும் தொழுவத்தில் ஜெர்மானியப் பெயரோடு நிற்க, அவற்றின் இறைச்சி மட்டும் பீஃப், போர்க் எனப் பிரெஞ்சுப் பெயர் பெற்றது. நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என 1362இல் சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து லத்தீன் நிலையாக விலகியது 1733இல்தான்.

மறுமலர்ச்சிக் காலம்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் பழைய நூல்களிலிருந்து நேரடியாகச் சொற்களை எடுத்தனர். ஒரே மூலச்சொல் இருமுறை வந்து இரு வடிவங்கள் பெற்றதும் உண்டு. 'செகூருஸ்' என்ற சொல் பிரெஞ்சு வாயில் தேய்ந்து ஷுவர் ஆனது. ஏட்டிலிருந்து நேராக வந்தபோது செக்யூர் ஆனது. ஃப்ரெய்ல், ஃப்ரஜைல் இரண்டும் இப்படிப்பட்ட இணையே. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' எழுத்து நிற்பதற்கும் லத்தீன் பற்றே காரணம்: அதன் மூலம் 'டெபிட்டும்' என்பதைக் காட்டவே அந்த எழுத்து பின்னாளில் சேர்க்கப்பட்டது.

இந்தப் பெருக்கத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. தாமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொற்கலை நூலில், இத்தகைய பகட்டுச் சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என எள்ளினார். ஆனால் சொற்கள் நிலைத்துவிட்டன. 1604இல் ராபர்ட் காட்ரி தொகுத்த முதல் ஆங்கில ஒருமொழி அகராதி, இப்படி வந்த கடினச் சொற்கள் சுமார் 2,500க்குப் பொருள் சொல்லவே பிறந்தது.

பொருள் மாற்றங்கள்

வந்த சொற்கள் பழைய பொருளிலேயே நிற்கவில்லை. ரோமில் தேர்தலில் நின்றவர் வெண்ணிற மேலாடை அணிந்தார். 'வெள்ளுடையார்' என்பதே கேண்டிடேட்டின் முதற்பொருள். ஒரே நீரோடையைப் பங்கிட்டவர் ரைவல். கையால் செய்தலைக் குறித்த மானுஃபாக்சர், இன்று எந்திர உற்பத்தியைச் சுட்டுகிறது. அறியாதவர் என்ற பொருளுடைய 'நெஸ்கியுஸ்', பல படிகள் மாறி நைஸ் ஆகிப் பாராட்டுச் சொல்லாயிற்று. சேலரி என்பது உப்பைக் குறிக்கும் 'சால்' என்ற சொல்லிலிருந்து கிளைத்தது. ஆனால் ரோமானியப் படைவீரருக்கு உப்பே சம்பளமாக அளந்து தரப்பட்டது என்ற பரவலான கதைக்குப் பழஞ்சான்று இல்லை.

அறிவியல் காலம்

நியூட்டன் தம் 'பிரின்கிபியா'வை 1687இல் லத்தீனிலும், 'ஆப்டிக்ஸ்' நூலை 1704இல் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். அறிவியல் எழுத்தில் லத்தீன் ஒதுங்கத் தொடங்கியபின்னும் சொல்லாக்கம் அதையே நாடியது. எட்வர்டு ஜென்னர் 1798இல் பசு அம்மையை வைத்துச் செய்த தடுப்புமுறையை விளக்கினார்; பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்ற சொல்லிலிருந்து வாக்சின் உருவானது. டெலிவிஷன் பாதி கிரேக்கம், பாதி லத்தீன். 'எல்லோருக்கும்' எனப் பொருள்படும் 'ஓம்னிபுஸ்' 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பொது வண்டியின் பெயராகி, ஆங்கிலத்தில் அதன் வால் மட்டும் எஞ்சி பஸ் ஆனது, தமிழிலும் வழங்குகிறது.

மூலம் ஒரு சொல் வந்த வழியைக் காட்டும். அதன் இன்றைய பொருளை வழக்கே தீர்மானிக்கிறது.